மகனின் பள்ளிக்கூடமும் தேதி முடிந்த ஒரு சான்றிதழும்

போன மாதம் எங்கள் வங்கிக்கு நகை மீட்க ஒரு அம்மா வந்திருந்தார். கூடவே எட்டு வயதுப் பையன். நான் ரசீது போட்டுக்கொண்டிருக்கும்போது அவன் நோட்டைப் பிரித்துக் காட்டி, "பாருங்க மேடம், வாயால கேட்டா எல்லாம் சொல்றான். எழுதச் சொன்னா இந்த லட்சணம். சரியான சோம்பேறி" என்றார். நோட்டில் பள்ளிக்கூடம் என்று எழுத வேண்டிய இடத்தில் 'பளிகுடம்' என்று இருந்தது. இதே சொல்லை, புள்ளி வைத்த எழுத்துகள் விட்டுப்போன இதே தப்போடு, 2014-ல் என் வீட்டில் பார்த்திருக்கிறேன். அந்த அம்மாவிடம் இருபது நிமிடம் பேசிவிட்டேன். வரிசையில் நின்றவர்கள் சத்தம் போட ஆரம்பித்ததும் நிறுத்திக்கொண்டேன். என் மகனுக்கு இருந்தது சோம்பல் இல்லை, டிஸ்லெக்சியா, அதாவது புத்தி சரியாக இருந்தும் வாசிக்கவும் எழுதவும் திணறுகிற கற்றல் குறைபாடு. அன்றைக்குச் சொல்லி முடிக்காததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் திருச்சியில் ஒரு கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் பிரிவில் வேலை பார்க்கிறேன். வீட்டுக்காரர் மஸ்கட்டில். வருடத்துக்கு ஒரு மாதம் வருவார். மகனின் பெயர் வேண்டாம், வீட்டில் கூப்பிடுகிறபடி தம்பி என்றே எழுதுகிறேன். ஒன்றாம் வகுப்பு வரைக்கும் தம்பியைப் பற்றி எந்தக் கவலையும் இல்லை. கதை சொன்னால் அப்படியே திருப்பிச் சொல்வான். இரண்டாம் வகுப்பில்தான் ஆரம்பித்தது. படிக்கும்போது வரி தாவும். ஒரு பக்கத்தில் சரியாகப் படித்த சொல்லை அடுத்த பக்கத்தில் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்ப்பான். ஒற்றைக்கொம்பா இரட்டைக்கொம்பா என்று ஒவ்வொரு முறையும் தடுமாறுவான். ஆங்கிலத்தில் b-யும் d-யும் இடம் மாறும். டைரியில் தினமும் சிவப்பு மையில் ஏதாவது குறிப்பு வரும். 'கவனக்குறைவு', 'முயற்சி போதாது', 'பெற்றோர் வந்து பார்க்கவும்'. மறைக்காமல் சொல்கிறேன், நான் அடித்திருக்கிறேன். ஸ்டீல் ஸ்கேலால். ஒரு நாள் அடி வாங்கிவிட்டு, "எழுத்து நகருதும்மா" என்றான். தப்பிக்கப் பொய் சொல்கிறான் என்று அதற்கும் ஒன்று கொடுத்தேன்.

படிப்பு மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. பொருள்கள் தொலையும். நான்காம் வகுப்பில் ஒரே வருடத்தில் பதினொரு தண்ணீர் பாட்டில். ஜாமெட்ரி பாக்ஸில் காம்பஸ் இருந்தால் புரோட்ராக்டர் இருக்காது. இரவு பத்து மணிவரை உட்காரவைத்து வீட்டுப்பாடம் முடித்து அனுப்புவேன், மறுநாள் 'வீட்டுப்பாடம் செய்யவில்லை' என்று டைரியில் வரும். பையைத் திறந்து பார்த்தால் நோட்டு உள்ளேயே இருக்கும். "ஏண்டா கொடுக்கல?" என்றால், "மிஸ் கேட்டப்ப தேடிட்டு இருந்தேன், அப்புறம் மறந்துட்டேன்" என்பான். சட்டை போடு, சாக்ஸ் எடு, டிபன் பாக்ஸை வை என்று மூன்று வேலை சேர்த்துச் சொன்னால், சட்டையோடு நின்றுகொண்டிருப்பான். எனக்கு அது திமிராகத் தெரிந்தது.

சரி, பணக் கதைக்கு வருகிறேன். முதலில் டியூஷன், மூன்று வருடம், சுமாராக 45,000 ரூபாய். பள்ளியில் புரியாததை அதே முறையில் இன்னும் இரண்டு மணி நேரம் சொல்லிக்கொடுத்தார்கள், அவ்வளவுதான். பிறகு அபாகஸ், 6,000. பிறகு 2015-ல் மிட் பிரைன் ஆக்டிவேஷன், அதாவது நடு மூளையைத் தூண்டிவிடுகிறோம் என்று சொல்லி நடத்திய பயிற்சி. அப்போது ஊரெல்லாம் அதே பேச்சு. ஒரு கல்யாண மண்டபத்தில் டெமோ வைத்தார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு பிள்ளைகள் புத்தகம் வாசித்தார்கள், கலர் சொன்னார்கள். நினைவாற்றல் கூடும், மார்க் ஏறும் என்றார்கள். ஒரு சங்கிலியை எங்கள் வங்கியிலேயே அடகு வைத்து 18,000 ரூபாய் கட்டினேன். இரண்டாவது வாரம் தம்பியும் கண்ணைக் கட்டிக்கொண்டு கலர் பென்சில்களைச் சரியாகச் சொன்னான். நான் மஸ்கட்டுக்கு வீடியோ அனுப்பினேன். மார்க் மட்டும் அப்படியே இருந்தது. எட்டாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்: "அம்மா, அந்தத் துணியில மூக்குப் பக்கத்துல சந்து இருக்கும். கீழ பார்த்தா பென்சில் தெரியும். எல்லாப் பசங்களும் அப்படித்தான் பார்த்தோம்." "ஏண்டா அப்பவே சொல்லல?" என்றேன். "நீ முதல் தடவையா கை தட்டினியே" என்றான். 18,000 ரூபாயைவிட அந்த ஒரு வரிதான் இன்றைக்கும் குத்துகிறது.

பிறகு பள்ளியை மாற்றினேன், அதற்கு 32,000. பழைய பள்ளியில், "இவனுக்கு இந்த சிலபஸ் ஒத்துவராது, வேற இடம் பாருங்க" என்று நாசூக்காகச் சொன்னார்கள். நானும் அவர்கள் சொல்வது நியாயம் என்று நினைத்து டி.சி. வாங்கிக்கொண்டு வந்தேன். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில், அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் டிஸ்லெக்சியா போன்ற குறிப்பிட்ட கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகளைச் சீக்கிரமே கண்டறிந்து அதற்கேற்றபடி கற்பிக்க வேண்டும் என்று 16-ஆம் பிரிவு சொல்வது எனக்கு ரொம்பப் பிறகுதான் தெரியும். உங்களிடம் யாராவது டி.சி. பேச்சை எடுத்தால் உடனே தலையாட்டாதீர்கள். எழுத்தில் கொடுங்கள் என்று கேளுங்கள். பாதிப் பேர் அதோடு விட்டுவிடுவார்கள். ஆக, வல்லாரை லேகியத்தைச் சேர்க்காமலேயே 1,01,000 ரூபாய் போயிற்று. நான்கு வருடமும் போயிற்று. இதில் ஒரு ரூபாய்கூட அவனுக்கு என்ன பிரச்சினை என்று கண்டுபிடிக்கச் செலவாகவில்லை. முதலில் மதிப்பீடு, மற்றதெல்லாம் பிறகு.

கண்டுபிடித்தது பெரிய ஆள் யாரும் இல்லை. ஐந்தாம் வகுப்பில், பி.எட். பயிற்சிக்காகப் பள்ளிக்கு வந்திருந்த ஒரு பெண். நாற்பது நாள்தான் இருந்தது. போகும்போது கேட் பக்கத்தில் என்னை நிறுத்தி, "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நான் கேள்வியைப் படிச்சுச் சொன்னா அவன்தான் முதல்ல பதில் சொல்றான். ஒரு தடவை சைக்காலஜிஸ்ட்கிட்ட காட்டுங்க" என்றது. எனக்குக் கோபம்தான் வந்தது. என் பிள்ளை என்ன பைத்தியமா என்று. ஆனால் அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

2018 பிப்ரவரியில் ஒரு சைக்காலஜிஸ்ட் மேடத்திடம் போனோம். முதலில் கண், காது இரண்டையும் பரிசோதித்து ரிப்போர்ட் கொண்டுவரச் சொன்னார்கள். இதை நீங்களே முன்கூட்டி முடித்துக்கொண்டு போனால் ஒரு நடை மிச்சம். அப்புறம் அறிவுத்திறன் தேர்வு, அதற்குப் பிறகு பெங்களூரில் இருக்கிற நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் தயாரித்த கற்றல் குறைபாட்டுத் தேர்வுத் தொகுப்பு. மூன்று நாள் தனித்தனியாக வரச் சொன்னார்கள், 6,500 ரூபாய். குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேட்டார்கள். இல்லை என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டேன். தம்பியின் சித்தப்பா ஒன்பதாவதில் இரண்டு முறை ஃபெயிலாகி நின்றவர். வீட்டில் அவருக்குப் பட்டப்பெயரே மக்கு. இன்றைக்கும் பேப்பர் கொடுத்தால் கண்ணாடி எடுத்துவரவில்லை என்பார். அவரிடம் கண்ணாடியே கிடையாது.

ரிப்போர்ட்டில், காதால் கேட்டுப் புரிந்துகொள்வதில் வயதுக்குச் சரியாக இருக்கிறான், வாசிப்பது இரண்டாம் வகுப்பு அளவில் என்று வந்தது. டிஸ்லெக்சியா. அந்த மேடம் இன்னொன்றும் சொன்னார். வாசிப்பு ஒரு முடிச்சு, இது வேறு முடிச்சு: எதை முதலில் செய்வது, எப்போது தொடங்குவது, சொன்னதை மனதில் வைத்திருப்பது, எவ்வளவு நேரம் ஆகும் என்று மட்டிடுவது. இந்த நிர்வாக வேலை மூளையில் மெதுவாக வளர்கிற ஒன்று, இவனுக்கு அது வயதுக்குப் பின்தங்கியிருக்கிறது. "செய்ய மாட்டேங்குறான் இல்லம்மா, ஆரம்பிக்கத் தெரியல" என்றார். வெளியே வந்து ஸ்கூட்டியில் உட்கார்ந்து அழுதேன். தம்பி பக்கத்தில் நின்று, "நான் ஃபெயிலாம்மா?" என்று கேட்டான்.

இங்கே இரண்டு விஷயம் கவனியுங்கள். மதிப்பீடு செய்பவர் ஆர்.சி.ஐ. என்கிற இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்தவரா என்று கேளுங்கள். பதிவு எண்ணைக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். இரண்டாவது, தனியார் ரிப்போர்ட் உங்களுக்குப் புரிந்துகொள்ள உதவும், தேர்வுச் சலுகைக்கு அரசு மருத்துவக் குழுவின் சான்றிதழ் வேண்டும். நான் இந்த ரிப்போர்ட்டையே லேமினேட் செய்து பள்ளியில் கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்தேன். லேமினேட் செய்த காகிதத்தில் யாரும் முத்திரைகூடக் குத்த முடியாது.

அரசு மருத்துவமனையில் முதல் மூன்று நடை வீண். கற்றல் குறைபாடு 21 வகை மாற்றுத்திறன்களில் ஒன்றாகச் சட்டத்தில் சேர்ந்திருந்தது, எப்படி மதிப்பிடுவது என்ற மத்திய அரசு வழிகாட்டுதலும் 2018 ஜனவரியில் வந்திருந்தது. ஆனால் அங்கே ஜன்னலில் இருந்தவர், "பையன் நல்லாத்தானே நடக்குறான்?" என்றார். நான்காவது முறை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போய், எந்தக் கிழமை மருத்துவக் குழு கூடும், யார் யார் கையெழுத்து வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டு போனேன். அந்த ஒரு துண்டுச் சீட்டுதான் வேலையை முடித்தது. மருத்துவமனைக்குப் போவதற்கு முன்னால் அந்த அலுவலகத்துக்குப் போங்கள். ஆகஸ்டில் சான்றிதழ் கையில் வந்தது. இன்னொரு விஷயம், கவனச் சிதறல் அதாவது ஏ.டி.எச்.டி. மட்டும் இருந்தால் அது இந்த 21-இல் தனியாக இல்லை. கூடவே கற்றல் குறைபாடும் இருக்கிறதா என்று பார்த்துத்தான் மேலே போக முடியும். அந்தப் பெற்றோர்களின் பாடு எங்களைவிடக் கஷ்டம்.

வீட்டில் மாமியார் இரண்டு நாள் பேசவில்லை. "மாற்றுத்திறனாளின்னு கவர்மெண்ட்ல எழுதி வச்சுட்டு வந்திருக்கியே, நாளைக்கு யாரு பொண்ணு குடுப்பா?" என்றார். பதினொரு வயசுப் பையனுக்கு. நான் பதில் சொல்லவில்லை. சித்தப்பாதான் சொன்னார்: "எனக்கும் அப்பவே எழுதி வச்சிருந்தா நல்லாருந்திருக்கும்மா." அதற்கப்புறம் அந்தப் பேச்சு எழவில்லை. டிஸ்லெக்சியா என்றாலே பெரிய விஞ்ஞானிகள், நடிகர்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் அனுப்புவார்கள். எனக்கு அது எரிச்சலைத்தான் தந்தது. என் பிள்ளை மேதையாக வேண்டாம், நோட்டை எடுத்து மிஸ்ஸிடம் கொடுத்தால் போதும் என்றிருந்தது.

அதற்கு என்ன செய்தோம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். பெரிதாக ஒன்றும் இல்லை. வாரத்துக்கு இரண்டு நாள் சிறப்புக் கல்வியாளரிடம் போனான். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். வெளியூரில் இருப்பவர்கள் பயிற்சி பெற்ற ஆள் பக்கத்தில் யாராவது உண்டா என்று அங்கே விசாரித்துப் பார்க்கலாம். வீட்டில், நேரம்தான் பெரிய தொல்லை. 'அரை மணி நேரம் கணக்குப் போடு' என்றால் அவனுக்கு அது ஐந்து நிமிடமா ஐந்து மணி நேரமா தெரியாது. மொபைலில் டைமர் வைத்தால் டைமரையே பார்த்துக்கொண்டிருப்பான். ஒரு நாள் சமையல் செய்துகொண்டே, "குக்கர் மூணு விசில் வர்றதுக்குள்ள ரெண்டு கணக்கு" என்று சும்மா சொன்னேன். போட்டுவிட்டான். அவனுக்கு நிமிடம் தெரியாது, விசில் தெரியும். பருப்புக்கு நாலு, உருளைக்கிழங்குக்கு மூணு. இரண்டு வருடம் எங்கள் வீட்டில் வீட்டுப்பாடம் சமையல்கட்டு வாசலில்தான் நடந்தது. குக்கரில் வைக்க எதுவும் இல்லாத நாளில் வெறும் தண்ணீர் வைத்தும் விசில் விட்டிருக்கிறேன்.

கதவின் உள்பக்கம், அவன் கண் உயரத்தில், பை, டிபன், பாட்டில், ஐடி கார்டு என்று படம் ஒட்டினேன். எழுத்தில் எழுதி ஒட்டிய பட்டியலை அவன் தினமும் தாண்டிப் போனான், படத்தைத்தான் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனான். ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்வது என்று பழகிக்கொண்டேன். அவனைவிட எனக்குத்தான் அது கஷ்டமாக இருந்தது. சமூக அறிவியல், அறிவியல் பாடங்களை நானே படித்து மொபைலில் பதிவு செய்தேன், பஸ்ஸில் கேட்டுக்கொண்டே போவான். வகுப்பு மிஸ்ஸிடம் ஒரே ஒரு உதவிதான் கேட்டேன்: நோட்டு வாங்கும்போது அவன் பெஞ்சை ஒரு தட்டு தட்டுங்கள். பத்துச் சலுகை கேட்டிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. ஒன்றைக் கேட்டேன், செய்தார். 2020-ல் ஆன்லைன் வகுப்பு வந்து இதெல்லாம் சிதறியது. எது லிங்க், எந்த வகுப்பு எப்போது, எதில் அனுப்புவது என்று மொத்தமும் அவனுக்கு வராத வேலைகள். அந்த வருடத்தைப் பற்றி எழுதப் பிடிக்கவில்லை.

இப்போது என் முட்டாள்தனத்துக்கு வருகிறேன். 2022 செப்டம்பர், பத்தாம் வகுப்பு காலாண்டுத் தேர்வு நேரம். பொதுத்தேர்வுச் சலுகைக்கு விண்ணப்பிக்கச் சான்றிதழை எடுத்துக்கொண்டு போனேன். பள்ளி கிளார்க் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மேடம், இதுல 14 வயசுல மறுமதிப்பீடுன்னு போட்டிருக்கே. பையனுக்கு 15 ஆச்சே" என்றார். கீழே, முத்திரைக்குப் பக்கத்தில், பேனாவால் சின்னதாக எழுதியிருந்தது. நான்கு வருடமாக என் பீரோவில் இருந்த காகிதம். கெடு தாண்டிய நகைக்கடனுக்கு நோட்டீஸ் அனுப்புவதுதான் என் வேலை. தினமும் நூறு பேருடைய தேதியைப் பார்க்கிறவள் இந்தத் தேதியைப் பார்க்கவில்லை. நவம்பருக்குள் அனுப்பியாக வேண்டும் என்றார் கிளார்க். மறுபடியும் கண், காது, மருத்துவக் குழு, ஒன்பது நாள் லீவு, அதில் நான்கு நாள் சம்பளப் பிடித்தம். கெடுவுக்கு ஆறு நாள் இருக்கும்போது கிடைத்தது. அப்போதிருந்த விதிப்படி 8 வயதுக்கு மேல் ஒரு முறை, 14-ல் ஒரு முறை, 18-ல் ஒரு முறை. 2024-ல் வழிகாட்டுதலைப் புதுப்பித்திருக்கிறார்கள், அதனால் உங்கள் பிள்ளைக்கு எப்போது என்பதை நல அலுவலகத்திலேயே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். எட்டாம் வகுப்பிலேயே இந்தக் கோப்பை ஒரு முறை பிரித்துப் பாருங்கள், பத்தாவது வரை காத்திருக்காதீர்கள்.

மாநிலப் பாடத்திட்டத்தில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகள் உண்டு. நாங்கள் விலக்கு கேட்கவில்லை, முதல் இரண்டை மட்டும் வாங்கினோம். எழுத ஆள் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அதுவும் தப்பு. வீட்டில் ஒத்திகை பார்த்தோம், என் அக்கா மகள் எழுதுவதற்கு உட்கார்ந்தாள். ஐந்து மதிப்பெண் கேள்விக்குத் தம்பி தெரிந்ததையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டினான். மூன்றாவது பாயிண்டில் ஆரம்பித்து முதலாவதுக்கு வந்து, நடுவில் வேறு பாடத்துக்கும் போய்விட்டான். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "சித்தி, நான் எதை எழுத?" என்றாள். எழுத்து முடிச்சை அவிழ்த்ததும் அந்த இன்னொரு முடிச்சு முன்னால் வந்து நின்றது. சொல்லச் சொல்ல ஒருவர் எழுதுவது தனியாகப் பழக வேண்டிய வித்தை. பேசுவதற்கு முன் ரஃப் தாளில் ஐந்து கோடு போடுவான், ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு படமோ ஒரு எழுத்தோ. பிறகு கோட்டைத் தொட்டுக்கொண்டே, "முதல் பாயிண்ட்" என்று சொல்லித் தொடங்குவான், நிறுத்துவான், எழுதி முடித்ததும் அடுத்தது. நான்கு மாதம், ஞாயிற்றுக்கிழமைதோறும், ஒவ்வொரு வாரமும் வேறு வேறு ஆளை உட்காரவைத்தோம். தேர்வில் வந்தவர் அவன் முன்பின் பார்க்காத ஒரு ஆசிரியர், அதனால் இந்தப் பழக்கம் கைகொடுத்தது. படங்களை அவனே வரைந்தான்.

2023 ஏப்ரலில் எழுதினான். 312. அறிவியலில் 74. சொந்தக்காரர்கள், "இவ்வளவு வசதி குடுத்தும் இவ்வளவுதானா" என்றார்கள். நான் போனை வைத்துவிட்டேன். ஃபெயிலாகியிருந்தால் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் எழுதவைப்பதாக இருந்தேன். ஐந்து பாடம், நாமே தேர்ந்தெடுக்கலாம், பதிவு செய்த ஐந்து வருடத்துக்குள் ஒன்றிரண்டு பாடமாகப் பிரித்தும் எழுதலாம். எல்லாப் பிள்ளைகளும் ஒரே ஏப்ரலில் ஜெயிக்க வேண்டியதில்லை. இதை முன்பே தெரிந்துகொண்டிருந்தால் அந்த வருடம் கொஞ்சமாவது தூங்கியிருப்பேன்.

இப்போது பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் இரண்டாம் வருடம். லீவு நாளில் சித்தப்பா பட்டறையில் மோட்டார் காயில் சுற்றுகிறான். தண்ணீர் பாட்டில் இன்னும் தொலைகிறது, இந்த வருடக் கணக்கு நான்கு. வரும் ஜூனில் 18 முடிகிறது, மூன்றாவது சான்றிதழுக்குப் போக வேண்டும். என் மேஜை காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன் என்று சொன்னதும், அவன் மொபைலை எடுத்துக் காட்டினான். அவனே மே மாதத்துக்கு ஒரு அலாரம் வைத்திருக்கிறான். மேலே 'சடிபிகேட் அம்மா மறந்துருவா' என்று எழுதியிருந்தது.